ஒரு ரசிகரின் தீர்ப்பு

சினிமா ரசிகன் என்னும் சொல் நமது முற்போக்குச் சஞ்சிகைகளில் நீண்ட காலம் ஒரு வசைச் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாட்களில் நாமும் அவ்வாறே எழுதினோம். யதார்த்தப் படைப்புகளைப் போற்றினோம். மற்றவற்றை உழைக்கும் மக்களுக்கு ஊட்டப்படும் மயக்க மருந்து என ஒதுக்கினோம். அவ்வாறு ஒதுக்கியவற்றுள்ளும் சிரிப்புப் படமும் வீரசாகசப் படமும் நமது விமர்சனத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. முன்னது வேலையற்றோர் பொழுதுபோக்கு, பின்னது சிறுவர் கேளிக்கை என்பது நமது எண்ணம். அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு வகுப்பறையில் ஏற்பட்டது.

நமது வகுப்பு மாணவன் ஒருவன் கண்டி மாநகரின் ஓரத்தில் உள்ள மஹய்யாவ பகுதியிலிருந்து வருபவன். அவன் தந்தை துப்புரவுத் தொழிலாளி. பிரபலமான நகைச்சுவைக் காட்சி ஒன்றில் வரும் பட்டப்பெயரால் சக மாணவர் அவனை அழைக்கத் தொடங்கினர். தந்தையின் தொழிலையும் மகனின் நிறத்தையும் ஒரே சொல்லில் கட்டிய பட்டப்பெயர் அது. வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நான்கு நாட்களும் வரவில்லை.

அவனைத் தேடிச் சென்ற இடத்தில்தான் அவனுடைய பாட்டனாரைச் சந்தித்தோம். எழுபதைக் கடந்தவர், தாமும் நகரைக் கூட்டியே வாழ்ந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் படங்களைப் பார்த்து வருபவர். பேரனைப் பற்றிப் பேசச் சென்ற நாம் சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினோம். பின்னர் பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பேச்சு தொடர்ந்தது. அப்பெரியவர் தமக்குப் பிடித்த படங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அந்த வரிசையை விட, அதற்கு அவர் கூறிய காரணங்களே நமக்கு முக்கியமாகப் பட்டன.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொட்டகை என்பது படம் ஓடும் இடம் மட்டுமன்று. தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு ஊடகமாகக் கொண்டு 1981-ல் நூல் எழுதிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, எல்லாச் சாதித் தமிழரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்று எடுத்துக்காட்டினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, நுழைவுச்சீட்டின் விலை. பெரியவர் சிவத்தம்பியைப் படித்தவரல்லர். "டிக்கட் வாங்குனா எந்திரிடான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான் மாஸ்டர்" என்றார். இரண்டும் ஒரே கருத்துத்தான். எழுந்திரு என்று வேறு எத்தனையோ இடங்களில் கேட்டவரின் வாயிலிருந்து அது வந்தது.

இனி அவர் தீர்ப்புகளுக்கு வருவோம்.

நகைச்சுவையில் அவர் முதலிடம் கொடுத்தது தமிழகத்துப் படத்துக்கன்று. 1976-ல் நமது நாட்டிலே உருவான 'கோமாளிகள்' படத்துக்கு. வானொலி நாடகமாகப் புகழ்பெற்ற பின் திரைக்கு வந்த படைப்பு அது. எஸ். ராமதாசின் மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசுவார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழைப் பேசுவார், எஸ். செல்வசேகரனின் உபாலி சிங்களம் கலந்த தமிழைப் பேசுவார்; பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர் ஐயர் தமிழைப் பேசுவார். ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரிக்கலாம். ஆயின் நால்வருள் எவர் பேச்சும் மற்றவரை அளக்கும் அளவுகோலாக அமர்ந்திருக்கவில்லை. பெரியவர் இதனை, "எல்லாரும் எல்லாரையும் கேலி பண்ணுவாங்க, அதுனால யாருக்கும் வலிக்காது" என்று சுருக்கமாகச் சொன்னார். அடுத்த கணமே, "நாலு பேருல எங்க பேச்சு பேசுறவன் ஒருத்தன் இருந்திருக்கலாம்" என்றும் சொன்னார். நமது விமர்சனம் காணத் தவறிய குறை அது.

அடுத்து, 1965-ல் ஏ. பி. நாகராசன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்த தருமி. ஆயிரம் பொன்னுக்காக ஏங்கித் தனிமையில் புலம்பும் அந்தப் புலவனை, பக்திப் படத்துள் செருகிய கோமாளிக் கூத்து என்றே நாம் எண்ணியிருந்தோம். பெரியவர் வேறு விதமாகக் கண்டார். பசித்தவன் அரண்மனை வாசலில் நிற்கும்போது அவனுக்கு ஏற்படும் நடுக்கத்தை அத்தனை நுணுக்கமாக வேறு எவரும் காட்டவில்லை என்றார். அங்கே நாம் தருமியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தருமியோடு நின்று சபையைப் பார்த்துச் சிரிக்கிறோம். கதையில் இறைவனே பெரியவன். ஆயின் கொட்டகையிலிருந்து வெளியே வந்த மக்களின் நாவில் நிலைத்தவன் தருமி.

கவுண்டமணியும் செந்திலும் நடித்த காட்சிகளைப் பற்றிக் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழக் காட்சி அவருக்கு இன்றும் சிரிப்பூட்டுவது. ஆயின் அவ்விருவரும் ஒரே ஆட்டக் குழுவின் கூலிக் கலைஞர் என்பதையும், அடிப்பவனும் அடிபடுபவனும் ஏழைகளே என்பதையும் அவர் கவனித்திருந்தார். நிறத்தையும் உருவத்தையும் சொல்லி இழிக்கும் வசனங்கள் தமிழ் நகைச்சுவையில் மலிந்து கிடப்பதையும் அவர் அறிவார். "நானும் விழுந்து விழுந்து சிரிச்சவன்தான் மாஸ்டர். பேரன் வீட்டுல படுத்துக் கெடந்தப்பதான் எதுக்குச் சிரிச்சேன்னு யோசிச்சேன்" என்றார். நாம் அறிந்த விமர்சகருள் இத்துணை நேர்மையாகத் தம் ரசனையைத் தாமே விசாரித்தவர் சிலரே.

சிரிப்பை எவ்வாறு மேல்நோக்கித் திருப்பலாம் என்பதற்கு உலகறிந்த சான்று சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936). தொழிலாளியின் உணவு நேரத்தையும் மிச்சம் பிடிக்க ஓர் ஊட்டும் யந்திரம் அங்கே கொண்டுவரப்படுகிறது. அது தடுமாறித் தொழிலாளியின் முகத்தை அறையும்போது நாம் சிரிக்கிறோம். ஆயின் அச்சிரிப்பு முதலாளியின் பேராசை மேல் போய் விழுகிறது. தமிழில் என். எஸ். கிருஷ்ணனும் 'நல்லதம்பி' (1949) போன்ற படங்களில் இப்பாதையிற் சென்றார். அறிஞர் அண்ணா எழுதிய அப்படத்தில் நகைச்சுவை நடிகரே கதாநாயகர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

வீரசாகசப் படங்களுள் பெரியவரின் முதல் தெரிவு பி. ஆர். பந்துலு இயக்கி எம். ஜி. ஆர். நடித்த 'ஆயிரத்தில் ஒருவன்' (1965). காயமுற்ற கிளர்ச்சிக்காரருக்கு மருந்திட்ட குற்றத்துக்காக மணிமாறன் என்னும் மருத்துவன் தோழர்களுடன் அடிமையாகக் கடல் கடத்தப்பட்டு விற்கப்படுகிறான். ஆங்கில நாவலாசிரியர் சபாட்டினியின் 'கப்டன் பிளட்' (1922) கதையின் சாயல் அது. நாம் இதனை இரவல் கதை என்று ஒரு வரியில் தள்ளியிருப்போம். ஆயின் அது வந்த காலத்தை எண்ண வேண்டும். 1948-ன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தது. மனிதரைத் தொகையாகப் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தின் மறு ஆண்டில், மனிதரைக் கப்பலேற்றி விற்கும் கதை திரைக்கு வந்தது. "அந்தப் படத்துல எல்லாருக்கும் திரும்பிப் போக ஒரு ஊரு இருந்துச்சு. எங்க சொந்தக்காரங்க கோச்சியேறிப் போனப்ப, போறாங்களா வாறாங்களான்னு அவங்களுக்கே தெரியல" என்று பெரியவர் சொன்னார். இதனைக் கேட்ட பின் அப்படத்தை வெறும் கனவுலகம் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது இடம் 'நாடோடி மன்னன்' படத்துக்கு. எம். ஜி. ஆர். கண்டிக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியில் 1917-ல் பிறந்தவர் என்பது நமது மலைநாட்டார் பெருமையுடன் சொல்வது. அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடமேற்று 1958-ல் வெளியிட்ட இப்படத்தில், மன்னனைப் போன்ற உருவமுடைய சாதாரணன் ஒருவன் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். இங்கேதான் நமக்கும் பெரியவருக்கும் விவாதம் மூண்டது. வீரன் ஒருவன் வந்து மேலிருந்து நன்மை வழங்கும் கனவு, மக்களைக் கையேந்தி நிற்கப் பழக்குகிறது என்றோம். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-ல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' எனத் தமிழாக்கம் பெற்ற நூலின் வாதத்தையும் எடுத்துரைத்தோம்: திரையில் ஏழைக்காக வாளெடுத்தவர் 1977 முதல் 1987 வரை தமிழகத்தை ஆண்டபோது, அந்தப் பிம்பமே ஏழைகளுக்கு எதிரான கொள்கைகளை மறைக்கும் திரையாயிற்று.

பெரியவர் பொறுமையுடன் கேட்டார். பின்னர், "எண்பதாம் வருசம் ஜூலை ஸ்ட்ரைக்குல எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை போச்சு? வாத்தியார் வாளை எடுத்துக்கிட்டு வருவாருன்னு அன்னைக்கு யாரும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கல மாஸ்டர். படம் வேற, பாடு வேறன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். 1980 ஜூலையில் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியோருள் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் எம். ஜி. ஆர். ரசிகர்கள்தாம். ரசிகன் வேறு, போராளி வேறு என்று நாம் பிரித்தது தவறு. இதில் பெரியவரே வென்றார்.

ஆயினும் ஓரிடத்தில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. "ஐயா, அந்த அடிமைக் கூட்டத்தில் வாத்தியாரைத் தவிர உங்களுக்கு யார் முகம் நினைவிருக்கிறது?" என்று கேட்டோம். நீண்ட நேரம் யோசித்து, "நாகேசு" என்றார். 'நாடோடி மன்ன'னில்? "சந்திரபாபு" என்றார். சொல்லிவிட்டு அவரே மௌனமானார்.

இங்கேதான் சிரிப்புப் படத்தையும் சாகசப் படத்தையும் இணைக்கும் முடிச்சு இருக்கிறது. சாகசப் படத்தில் மக்கள் திரள் முகமற்றது. அத்திரளிலிருந்து நம் நினைவில் தங்கும் முகம் பெரும்பாலும் நகைச்சுவை நடிகருடையதே. வீரம் அனைத்தும் கதாநாயகனின் பங்கு. அச்சம், பசி, அசட்டுத்தனம், அடிபடுதல் ஆகியன கோமாளியின் பங்கு. அதாவது, வீரத்தைத் தனியொருவனின் உடைமையாக்கி, அச்சத்தை மக்களின் பொதுச் சொத்தாக்கிவிடுகிறது இந்தப் பங்கீடு. கதாநாயகனைப் பார்த்து ஆசைப்படுகிறோம்; கோமாளியைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆயின் வாழ்க்கையில் நாம் கோமாளியின் இடத்திலேயே நிற்கிறோம். நமது வகுப்பறையில் நடந்ததும் இதுவே. ஒரு பையனைக் கோமாளியின் இடத்தில் நிறுத்திவிட்டு மற்றவர் அனைவரும் கதாநாயகரின் பக்கம் போய் நின்றுகொண்டனர்.

நாம் இதனைச் சொல்லி முடித்ததும் பெரியவர் ஒரு படத்தின் பெயரைக் கூறினார்: சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006). எத்தனையோ படங்களில் அடிவாங்கிச் சிரிப்பூட்டிய வடிவேலு அதில் இரட்டையராக வருகிறார். ஒருவன் வெள்ளையனுக்குக் குனியும் மூட மன்னன், மற்றவன் மக்கள் பக்கம் நிற்கும் கிளர்ச்சிக்காரன். "அடி வாங்குறவனே ராசா, அடி வாங்குறவனே வீரன். அதுல சிரிப்பும் சண்டையும் ஒரே ஆளு கையில இருக்கு" என்றார். நாம் பல பக்கங்களில் எழுத நினைத்ததை அவர் சில சொற்களில் முடித்துவிட்டார். அப்படத்திலும் மாற்றம் அரண்மனைக்குள்ளேதான் நிகழ்கிறது என்ற குறை உண்டு. எனினும் மேற்சொன்ன பங்கீட்டை அது கலைத்துக் காட்டியது. 'நல்லதம்பி' போட்ட பாதை தூர்ந்துவிடவில்லை என்பதை மெய்ப்பித்தது.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணாக்கருக்கும் நாம் கூற விரும்புவது இதுதான். சினிமாவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த நம்மால் இயலாது. அது பட்டப்பெயராக ஏற்கனவே உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே அதனை விவாதத்துக்குக் கொண்டுவருவோம். ஒரு படத்தைப் பற்றி மாணவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: சிரிப்பு யார் மேல் விழுகிறது? துணிவு யாருக்கு மறுக்கப்படுகிறது? நமது வகுப்பில் இக்கேள்விகளைக் கேட்டோம். முதல் நாள் எவரும் பேசவில்லை. இரண்டாம் நாள், பட்டப்பெயரை முதலில் உச்சரித்த மாணவனே எழுந்து, தான் சிரித்த காட்சியை மீண்டும் விவரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டான். நாம் அவனை வற்புறுத்தவில்லை.

பெரியவரின் பேரன் இப்போது பாடசாலைக்கு வருகிறான். பட்டப்பெயர் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று கூற மாட்டோம். வி. பி. கணேசன் 1975-ல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. நகரைக் கூட்டும் கைகளின் சிரிப்பையும் துணிவையும், அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லும் படத்தைப் பெரியவர் இன்னும் பார்க்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் தமது வரிசையில் அதற்கு எந்த இடம் தருவீர்கள் என்று கேட்டோம்.

"மொதல்ல பார்க்கணும் மாஸ்டர். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன்" என்றார்.