இரண்டு குமிழ் மட்டை சொல்லும் சாட்சி

இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு ஒரு பேட்டர் மட்டையில் கையை ஓர் அங்குலம் மேலே ஏற்றிப் பிடித்தால் போதும், வர்ணனையாளர்களின் குரல் இறங்கிவிடும். "சமாளிக்கப் பார்க்கிறார்", "தொட்டால் போதும் என்று நினைக்கிறார்" என்று பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பேஸ்பாலில் ஒரு பேட்டர் எடுக்கும் முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான் என்பது என் கட்சி. சாட்சிக்கு இன்றைய ஆட்டங்களைப் புரட்ட வேண்டாம். பழைய மட்டைகளைப் பார்த்தாலே போதும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த ஒரு மாடலுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் மவுசு உண்டு. சாதாரண மட்டையின் அடியில், கை நழுவாமல் இருக்க ஒரு குமிழ் இருக்கும். இதில் இரண்டு. அடியில் ஒன்று, சில அங்குலம் மேலே, மரத்திலேயே வளையமாகக் கடைந்த இன்னொன்று. இரண்டு கைகளையும் மேல் வளையத்துக்கு மேலே வைத்தால் ஏற்றிப் பிடித்த பிடி. ஒரு கையை வளையங்களுக்கு நடுவிலும் மற்றதை மேலேயும் வைத்தால் இடைவெளி விட்ட பிடி. "எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள், ஆனால் யோசித்துப் பிடி" என்று சொல்வதுபோல் செய்திருக்கிறார்கள்.

அது யாருடைய பெயரில் விற்றது என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே பெயர் சொல்லி யாரையும் தூக்குவதுமில்லை, இறக்குவதுமில்லை. இரண்டாம் தளத்தில் ஆடியவர். 1901-ல் அவருடைய சராசரி .426. அதே பருவத்தில் அவருடைய லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவரும் அவர்தான். அதாவது, மட்டையை ஏற்றிப் பிடிக்க வசதி செய்த மாடல், தோளில் வலுவில்லாத ஒருவர் பெயரில் வரவில்லை. அந்தக் காலத்தின் பலசாலி ஒருவர் பெயரில் வந்தது.

உடனே ஒரு கூட்டம் குறுக்கே வரும். அந்த வருடம் அவர் ஆடிய புதிய லீக்கில் ஃபவுல் அடிகள் ஸ்ட்ரைக் கணக்கில் வரவில்லையே என்பார்கள். உண்மைதான். பழைய லீக் 1901-லேயே அந்த விதியைக் கொண்டுவந்தது. புதிய லீக் 1903-ல்தான் ஏற்றது. சலுகையில் கிடைத்த சராசரி என்றே வைத்துக்கொள்வோம். விதி வந்த 1903-லும், அடுத்த ஆண்டும் சராசரியில் முதலிடம் யாருக்கு? அதே ஆளுக்கு. இந்த வாதத்தை இதோடு மூடிவிடலாம்.

இப்போது கைக்கு வருவோம். பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893 முதல் மாறாத தூரம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்கச் சுமார் 0.4 வினாடி ஆகிறது. பார்க்க, முடிவெடுக்க, சுழற்ற எல்லாம் அதற்குள். ஓர் உலக்கையை அடி நுனியில் பிடித்தும், கொஞ்சம் மேலே பிடித்தும் சுழற்றிப் பாருங்கள், வித்தியாசம் தோளிலேயே தெரியும். கை ஏறினால் மட்டை சீக்கிரம் திரும்பும். சீக்கிரம் திரும்பினால் தாமதமாகத் தொடங்கலாம். தாமதமாகத் தொடங்குகிறவர் பந்தைக் கூடுதல் தூரம் பார்க்கிறார். ஸ்லைடர் வளைகிறதா, வளையாமல் நேரே வருகிறதா என்பதை அடுத்தவர் ஊகிக்கும்போது இவர் பார்த்துவிடுகிறார். பதிலுக்குக் கொடுப்பது கொஞ்சம் எட்டும் தூரம், கொஞ்சம் வலு. வலுவை விற்று நேரத்தை வாங்கும் வியாபாரம் இது. இதை எப்படி பயம் என்று சொல்ல முடிகிறதோ தெரியவில்லை. பயந்தவர்தான் எல்லாப் பந்துக்கும் ஒரே சுழற்சியைச் சுழற்றிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பி நடப்பார்.

அப்படி நடப்பவர்கள் இப்போது ஏராளம். 2018-ல் முதன்முறையாக ஒரு முழுப் பருவத்தில் ஹிட்களைவிட ஸ்ட்ரைக்-அவுட்கள் கூடிப்போயின. 2024 முதல் ஒவ்வொரு பேட்டரின் மட்டை வேகமும் பொதுவில் வெளியாகிறது. ரசிகர்கள் அந்தப் பட்டியலின் உச்சியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பந்தை எவ்வளவு திருத்தமாக, மட்டையின் நடுவில் சந்தித்தார் என்ற கணக்கும் அதோடு வருகிறது. வேகப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த ஒரு பெயரை இந்தக் கணக்கின் உச்சியில் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் குறைவு.

ஏலத்துக்கு வரும் மட்டையைச் சோதிப்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மரத்தில் பதிந்திருக்கும் பந்தின் தையல் தடம், ஷூ ஆணியில் தட்டி மண் உதிர்த்த சிறு குழிகள், அடுக்கில் செருகி எடுத்ததில் ஒட்டிய வண்ணக் கீற்று, பைன் தார்க் கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டேப் எந்த இடத்தில் சுற்றியிருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தொழிற்சாலையின் பழைய அனுப்புப் பதிவேட்டோடு நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு, 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். இத்தனை பாடும் 'இது யாருடைய மட்டை' என்ற ஒரு கேள்விக்காக. அதே தடயங்களில் ஆளுடைய புத்தியும் எழுதியிருக்கிறது. கைப்பிடியின் அடியில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று இரண்டு இடத்தில் கறை படிந்த மட்டை, பந்து-ஸ்ட்ரைக் எண்ணிக்கைக்கு ஏற்ப மனத்தை மாற்றிக்கொண்டவருடையது. தையல் தடங்கள் முத்திரைப் பக்கமாகக் குவிந்திருந்தால், உள்ளே வந்த பந்துக்குத் திணறியவர். அவர் கையை ஏற்றியிருக்கலாம்.

அருங்காட்சியகங்களுக்கு இந்தக் கண் இன்னும் வரவில்லை என்பது என் மனக்குறை. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் 40,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் மைல்கல்கள்தான்: இத்தனையாவது ஹோம் ரன்னின் மட்டை, 3,000-ஆவது ஹிட்டின் பந்து. (அந்த ஊரே ஒரு தப்பான கதையால் வந்ததுதான். 1839-ல் அங்கேதான் ஒருவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று 1907-ல் ஒரு குழு தீர்ப்புச் சொன்னது. அந்தக் கதை பிறகு நிற்கவில்லை. ஆனால் அதை நம்பி ஒரு பழைய பந்தை 5 டாலருக்கு வாங்கி வைத்தார்கள், 1939-ல் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.) ஏலச் சந்தை இன்னும் மோசம். 1932 உலகத் தொடரில் ஒருவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்தபோது போட்டிருந்த சட்டை, 2024-ல் 2 கோடியே 41 லட்சம் டாலருக்குப் போனது. அவர் உண்மையில் காட்டினாரா என்பதே தீராத வழக்கு. அந்த அடியும் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு வந்ததுதானே என்று எதிர்க்கட்சி கேட்கலாம். கேட்கட்டும். அப்படிப்பட்ட ஆள் ஒரு நூற்றாண்டுக்கு ஒருவர்.

2025 மார்ச் கடைசியில் நடந்த கூத்து நினைவிருக்கும். பருவத்தின் முதல் வாரக் கடைசியிலேயே டார்பிடோ மட்டை பற்றிப் பேச்சு பற்றிக்கொண்டது. 'மோசடி' என்றார்கள், 'ஹோம் ரன் இயந்திரம்' என்றார்கள். விதிப்படி விட்டம் 2.61 அங்குலத்தைத் தாண்டாதவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. இயற்பியல் பேராசிரியராக இருந்த ஒருவர் செய்த வேலை அது. பேட்டர் பந்தைச் சந்திக்கும் இடம் எதுவோ அங்கே மரத்தின் பருமனைக் கொண்டுபோய் வைத்தார், அதாவது நுனியிலிருந்து கைப்பக்கமாக. ஏற்றிப் பிடிப்பவர் கையை அடிக்கும் பாகத்தின் பக்கம் கொண்டுபோகிறார். இந்த மட்டை அடிக்கும் பாகத்தைக் கையின் பக்கம் கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே வைத்தியம். ஆனால் ஒன்றுக்குப் பரிதாபம், மற்றதற்குப் பரபரப்பு! சிறிய கைகளுக்காகப் புட்டி வடிவில் மட்டை செய்துகொண்ட மூன்றாம் தளக்காரர் ஒருவர் 1910-களிலேயே இருந்தார். அவரையும் வேடிக்கை மனிதராகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி என் கணிப்பு. பந்து-ஸ்ட்ரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடும் ஏற்பாட்டுக்கு 2026 பருவத்திலிருந்து அனுமதி. அணிக்கு இரண்டு முறையீடுகள், வென்றால் கையிருப்பு குறையாது. கேட்சர்களின் கைவித்தைக்கு இனி என்ன மதிப்பு என்று எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். நான் பேட்டரின் கையைப் பார்க்கிறேன். ஏற்றிப் பிடிப்பதற்கு இதுவரை இருந்த பெரிய தடை வெளிப்பக்க மூலை. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். கேட்சர் கிளவை நாசூக்காக உள்ளே இழுத்தால் அம்பயர் கண்ணில் அது 20 ஆகும். அந்த இல்லாத மூன்று அங்குலத்துக்கு எட்டுவதற்காகவே பலர் மட்டையை அடி நுனியில் பிடித்துத் தொலைந்தார்கள். தலைக்கவசத்தைத் தட்டி முறையிட்டால் நியாயம் கிடைக்கும் என்றானபின் அங்கே எட்ட வேண்டிய அவசியம் இல்லை. மூன்று பருவங்களுக்குள் இரண்டு ஸ்ட்ரைக்கில் கையை ஏற்றும் பேட்டர்கள் இப்போதைவிட இரு மடங்காவார்கள். ஸ்ட்ரைக்-அவுட்கள் இறங்கும். இரண்டு பிடிக்கும் வசதியாக வளையம் வைத்த கைப்பிடியை ஏதாவதொரு நிறுவனம் 'புதுக் கண்டுபிடிப்பு' என்று சொல்லி விற்கும். பழைய இரண்டு குமிழ் மட்டைகளின் விலை ஏறும். வாங்க நினைப்பவர்கள் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூப்பர்ஸ்டவுன் மட்டும் தானாக மாறாது. அந்த அருங்காட்சியகம் எதையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எல்லாம் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் கொடுப்பது. எனவே இரண்டு ஸ்ட்ரைக்கில் கையை ஏற்றி ஒரு சிங்கிள் தட்டி ஆட்டத்தைத் திருப்பும் அடுத்த பேட்டர், அந்த மட்டையைக் கறையைத் துடைக்காமல் அப்படியே அனுப்பிவைக்க வேண்டும்.