ஆய்வேட்டின் தடைகள்: தனிமனித உழைப்பும் கூட்டு உழைப்பும்

பட்டப்பின் ஆய்வில் ஈடுபடும் மாணவர் ஒருவர் குறித்த காலத்துள் தமது ஆய்வேட்டினை எழுதி முடிக்கத் தவறும்போது அதற்குக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் ஒழுக்கவியல் சார்ந்தனவாகவே அமைந்துவிடுகின்றன. முயற்சியின்மை, மனவுறுதியின்மை, ஆற்றற்குறைவு என்பன அவற்றுட் சில. இக்காரணங்கள் சொல்லப்படும் வேகத்தை நோக்கின், அவற்றை ஆராய்ந்து கண்ட முடிபுகள் எனக் கொள்வதற்கில்லை. ஆராய்ச்சியைத் தவிர்த்துக்கொள்வதற்கான வழிகள் என்றே கொள்ளவேண்டியுள்ளது. சமூகத் தோற்றப்பாடு ஒன்றினைத் தனிமனிதரின் குணக்குறையாகக் காட்டுதல் முதலாளித்துவக் கருத்துநிலைக்குப் புதியதன்று. வறுமைக்கு அளிக்கப்பட்ட விளக்கமே எழுதப்படாத ஆய்வேட்டுக்கும் அளிக்கப்படுகின்றது.

இவ்விளக்கத்தை மறுக்கும் இரு நூல்களையும், நடைமுறையில் அதனைக் கடக்க முயன்ற ஓர் ஆய்வு நிலையத்தையும் இங்கு நோக்குவோம். நூல்கள் இரண்டும் மாணவருக்கான கைந்நூல்கள். கைந்நூல்களை விமர்சனத்துக்கு உரியனவாகக் கருதும் மரபு எம்மிடை இல்லை. ஆயின் ஒரு காலகட்டத்தின் அறிவுற்பத்தி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அக்காலத்துச் சித்தாந்த நூல்களிலும் பார்க்க இத்தகைய நூல்களே சில வேளைகளில் வெளிப்படையாகக் காட்டுகின்றன.

முதலாவது, அமெரிக்கச் சமூகவியலாளரான ஹவார்ட் பெக்கர் 1986 இல் வெளியிட்ட, சமூக விஞ்ஞானிகளுக்கான எழுத்து என்னும் பொருள்படும் தலைப்பினையுடைய நூல். நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்திற் பட்டப்பின் மாணவருக்கென அவர் நடத்திய எழுத்து வகுப்பிலிருந்து பிறந்தது அது. எதை எழுதுகிறீர்கள் என்று கேளாது, எப்படி எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்டார். தயக்கத்தின் பின் வந்த விடைகள் வியப்புக்குரியன. ஒருவர் குறித்த நிறத் தாளில் குறித்த நிறப் பேனாவினாலேயே எழுதுவார். இன்னொருவர் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்காமல் எழுத அமரார். பெக்கர் இவற்றைக் கேட்டு நகைக்கவில்லை. ட்றோபிரியன்ட் தீவினரைப் பற்றி மலினோவ்ஸ்கி கூறியதை அவர் நினைவுகூர்கிறார். ஆபத்தில்லாத களப்பில் மீன்பிடிக்கையில் அத்தீவினர் மந்திரச் சடங்குகள் எவற்றையும் செய்வதில்லை. விளைவு நிச்சயமற்ற ஆழ்கடலுக்குச் செல்கையிலேயே செய்வர். எனின், தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதென மாணவர் அஞ்சியது எதனை? தம் எண்ணங்களை ஒழுங்குபடுத்த முடியாது போய்விடுமோ என்பது ஓர் அச்சம். எழுதியது பிழையெனக் கண்டு பிறர் நகைப்பரோ என்பது மற்றையது.

இவ்வச்சங்களுக்கான காரணத்தைப் பெக்கர் கல்வி முறையிலேயே தேடுகிறார். முதற்பட்ட வகுப்பிற் கட்டுரையொன்றை ஒரே அமர்வில் ஒரே வரைவாக எழுதி ஒப்படைக்கப் பழகிய மாணவர், எழுத்தென்றால் அதுவே என நம்பி ஆய்வுநிலைக்கு வந்து சேர்கிறார். ஆசிரியர் தமது கட்டுரையை எத்தனை தடவை வெட்டித் திருத்தினார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் காண்பது சஞ்சிகையில் அச்சேறிய, மாசுமறுவற்ற வடிவத்தை மட்டுமே. பெக்கர் இதற்கு மேல் கோட்பாடு எதனையும் வகுக்கவில்லை. ஆயின் மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிக் கூறியவற்றை அறிந்தோர்க்கு இந்நிலைமை பரிச்சயமானது. உழைப்பின் தடயங்கள் துடைக்கப்பட்டபின் விளைபொருள் தானாகவே தோன்றிய ஒன்றுபோலச் சந்தையில் நிற்கின்றது. தமது கரடுமுரடான முதல்வரைவை அதனோடு ஒப்பிடும் மாணவர் குறை தம்மிடமே உள்ளதென முடிவுகட்டுகிறார். பெக்கர் தம் சொந்த வரைவுகளையே வகுப்பிற்குக் கொணர்ந்து காட்டியமை, இவ்வகையில், வெறும் கற்பித்தல் உத்தியிலும் மேலானது.

கனத்த சொற்களிலே எழுதினாலன்றி அறிவாளராக மதிக்கப்படோம் என்ற எண்ணம் பற்றியும் அவர் விரிவாக எழுதியுள்ளார். எமது ஆய்வுத்தமிழ் இந்நோய்க்குப் புறம்பானதன்று. 'ஆராய்ந்தோம்' என்றால் தீர்ந்துவிடும் செய்தி 'ஆய்வு மேற்கொள்ளப்படலாயிற்று' என நீளும்போது எழுதியவர் யார் என்பதும் உடன் மறைந்துவிடுகின்றது.

எனினும் பெக்கரின் நோக்கு ஓரெல்லையில் நின்றுவிடுகிறது. சமூக அமைப்பு என அவர் குறிப்பன வகுப்பறையும் சஞ்சிகையும் சக ஆய்வாளர் குழாமுமே. வகுப்பறையில் அமர்ந்திருப்போர் எவ்வாறு சீவிக்கின்றனர், எழுதும் நேரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பன நூலின் ஓரத்திலேயே தங்கிவிடுகின்றன. அந்நூலில் பமீலா றிச்சர்ட்ஸ் எழுதிய அத்தியாயம் மட்டும் இவ்வெல்லையைச் சிறிது தாண்டுகிறது. வரைவொன்றைப் பிறர் கையில் கொடுப்பதில் உள்ள அபாயம் பற்றியது அது. வாசித்து உதவக்கூடிய சக ஆய்வாளரே பதவிக்கும் மதிப்புக்கும் போட்டியாளராகவும் இருக்கும் நிலையில் அவரிடம் முதிராத எழுத்தை நம்பிக் கொடுப்பது எளிதன்று. அச்சத்தின் வேர் போட்டியில் இருக்கின்றது என்பதற்கு இதனிலும் நேரடியான சான்று வேண்டியதில்லை.

பெக்கர் விட்ட இடத்தை ஏறத்தாழப் பத்தாண்டுகட்கு முன்னரே தொட்டவர் உம்பேர்த்தோ எக்கோ. ஆய்வேடு எழுதுவது எவ்வாறு என்பது குறித்து அவர் 1977 இல் எழுதிய நூல் இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் வெகுசனமயமானதன் நேரடி விளைவாகும். 1969 இன் சட்டத் திருத்தத்தினால் இடைநிலைக் கல்வியை முடித்தோர் அனைவர்க்கும் பல்கலைக்கழக வாயில் திறந்தது. அதன்வழி வந்த மாணவருட் பலர் வேலை செய்துகொண்டே படித்தவர். பெரிய நூலகங்களுக்குத் தொலைவில் வாழ்ந்தவர். தாம் எழுதுவது இத்தகையோருக்கே என எக்கோ தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறார். நூலின் மிகச் சிறந்த பகுதி, தமது சொந்த ஊராகிய அலெஸ்ஸான்ட்ரியாவின் நூலகத்தில் அவர் மேற்கொண்ட பரிசோதனை. பரோக் காலத்து உருவகக் கோட்பாட்டைத் தலைப்பாகக் கொண்டு, அதுபற்றி ஏதும் அறியாத மாகாணத்து மாணவராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, மூன்று பிற்பகல்களில் அங்கு எவ்வளவு திரட்டமுடியும் எனப் பார்க்கிறார். பயன்படத்தக்க நூற்பட்டியல் ஒன்று கிடைத்துவிடுகிறது. அறிவு தலைநகரின் தனியுடைமை என்ற எண்ணத்துக்கு இது நல்ல அடி.

ஆயின் அப்பரிசோதனை நூலகமொன்று இருப்பதை முன்னனுமானமாகக் கொண்டது. 1981 ஜூன் முதலாம் நாளுக்கு முந்திய இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதற்குப் பின் ஈழத்துப் பத்திரிகை, சஞ்சிகை வரலாற்றில் ஆய்வு செய்யப் புகுந்த மாணவரிடம் அட்டையிற் குறிப்பெடுக்கும் நுட்பங்களைச் சொல்வதில் எவ்வளவு பயன் இருந்திருக்கும்? எக்கோவின் மாணவர் தம் புத்திக்கூர்மையினால் வறுமையை வெல்லலாம். மூலங்களே இல்லாத இடத்தில் தனிமனித புத்திக்கூர்மை செய்யக்கூடியது சொற்பம். அவ்விழப்பின் ஒரு சிறு பகுதியையேனும் ஈடுசெய்தோர், வீட்டு அலுமாரிகளிலும் பரண்களிலும் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, 2005 முதல் எண்ணிம வடிவில் 'நூலகம்' என்னும் பெயரிற் பொதுவில் வைத்த தொண்டர்களே. ஈழத்து இலக்கிய வரலாற்றில் இன்று ஆய்வுசெய்யும் மாணவர் எவரும் அவர்களின் கூலியற்ற உழைப்புக்குக் கடன்பட்டவர். அவ்வுழைப்போ எவருடைய ஆய்வேட்டிலும் ஓர் அத்தியாயமாகக் கணிக்கப்படுவதில்லை.

கூட்டு உழைப்பை ஆய்வேட்டின் உள்ளேயே கொணர முயன்றது பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு நிலையம். றிச்சர்ட் ஹொக்கார்ட் 1964 இல் ஆங்கிலத்துறையின் சார்பில் நிறுவிய அந்நிலையத்தில் ஆசிரியர் மிகச் சிலர். மாணவரோ முற்றாகப் பட்டப்பின் ஆய்வாளர். ஹொக்கார்ட்டின் பின் பொறுப்பேற்று 1979 வரை அதனை நடத்திய ஸ்ருவர்ட் ஹோல், ஜமெய்க்காவிலிருந்து ஒக்ஸ்போர்ட்டுக்கு வந்து ஹென்றி ஜேம்ஸ் பற்றிய கலாநிதிப்பட்ட ஆய்வைத் தொடங்கி முடிக்காமலே விட்டவர். இது தற்செயலான செய்தி எனினும் விட்டுவிடத்தக்கதன்று. ஆய்வேட்டை முடிக்காத ஒருவரின் தலைமையில்தான் ஆய்வேடு என்னும் வடிவமே அங்குக் கேள்விக்குள்ளாயிற்று. மாணவர் சிறு குழுக்களாக இணைந்து வாசித்தனர். முதிராத வரைவுகளை றோணியோ செய்து தமக்குள்ளும் வெளியிலும் பரப்பினர். 1971 இலிருந்து தமக்கென ஓர் ஆய்வேட்டுத் தொடரையும் வெளியிட்டனர். பெக்கர் பின்னர் கண்டறிந்த நோய்க்கு மருந்து அங்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. வரைவு எல்லோர் கண்ணிலும் படுவதால் அதனை மறைக்கவேண்டிய தேவை குறைந்தது.

இம்முறையின் மிகப் பெரிய விளைவு 1978 இல் ஐவர் பெயரில் வெளிவந்த, நெருக்கடியும் பொலிஸ் அதிகாரமும் பற்றிய நூல். பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வர்த் பகுதியில் 1972 இல் நிகழ்ந்த வழிப்பறி ஒன்றுக்காக இளைஞர் ஒருவருக்கு இருபதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டமையே அதன் தொடக்கம். அத்தண்டனையின் கடுமையை விளங்கிக்கொள்ள முனைந்தோர் பத்திரிகை, நீதிமன்றம், அரசு, இனவாதம் என ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, பிரித்தானிய அரசின் ஆதிக்க நெருக்கடி பற்றிய கிராம்சிய ஆய்வொன்றில் முடிந்தனர். தனி மாணவர் ஒருவர் மூன்றாண்டுகளில் இதனை எழுதியிருத்தல் இயலாது. அவ்வாறான விரிந்த தலைப்பினை எந்த மேற்பார்வையாளரும் அனுமதித்திருக்கவுமாட்டார்.

இதனைக் கொண்டு கூட்டு உழைப்பினைச் சர்வரோக நிவாரணியாகக் காட்ட நாம் விரும்பவில்லை. அதே 1978 இல் நிலையத்தின் மகளிர் ஆய்வுக் குழு வெளியிட்ட தொகுப்பின் முன்னுரை, அக்குழுக்களிற் பங்குபற்றுவது பெண்களுக்கு எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை ஒளிக்காமற் கூறுகின்றது. அறிவுழைப்பும் அது நிகழ்ந்த சூழலும் ஆணாதிக்கத்துக்கு உட்பட்டவையாக இருந்தன என்பது அவர்தம் குற்றச்சாட்டு. தனிமை ஒழிந்த இடத்தில் அதிகாரம் தானாக ஒழிந்துவிடவில்லை. பேசத் தெரிந்தவனே கூட்டத்திற் கூட்டு உழைப்பின் குரலாகிவிடுகிறான். முற்போக்கு அணியினரின் வாசிப்பு வட்டங்கள் பலவற்றில் நாமும் கண்டுள்ள நிலை இது.

இன்னொரு முரண்பாடு இதனினும் அடிப்படையானது. கூட்டாக எழுதப்பட்ட நூலுக்கு எவருக்கும் பட்டம் கிடையாது. குழுவிற்குச் செலவிட்ட நேரம் ஆய்வேட்டிலிருந்து பறிக்கப்பட்ட நேரமாகவே பல்கலைக்கழகத்தின் கணக்கிற் பதிவாகும். அங்குத் தனித்தனி ஆய்வேடுகள் தாமதமாயின; சில முடியாமலே போயின. ஈற்றில், ஆய்வுத்தர மதிப்பீடு ஒன்றிற் பெற்ற புள்ளியைக் காட்டி, அந்நிலையத்தின் வழிவந்த துறையை அதே பல்கலைக்கழகம் 2002 இல் மூடிவிட்டது. உலகெங்கும் பாடவிதானமாகிவிட்ட ஓர் அறிவுத்துறை தான் பிறந்த இடத்தில் போதிய தரமற்றதாகக் காணப்பட்டது.

அந்நிலையம் தோன்றிய அதே ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்கத்துறையில், மார்க்சியரான பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஈழத்தவர் இருவர் தமிழ் ஆய்வு செய்தனர். கைலாசபதி 1966 இலும் சிவத்தம்பி 1970 இலும் கலாநிதிப்பட்டம் பெற்றனர். முன்னவரது ஆய்வேடு இரண்டாண்டுகளில் ஒக்ஸ்போர்ட் வெளியீடாயிற்று. பின்னவரது ஆய்வேடு நூலுருப் பெற 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. இவர்தம் சாதனையைத் தனிமேதைமையின் விளைவெனப் போற்றும் வழக்கம் எம்மிடை வேரூன்றிவிட்டது. அம்மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் கைலாசபதி பேர்மிங்ஹாம் செல்லுமுன் தினகரன் ஆசிரியராக இருந்தவர். நாளாந்தம் அச்சுக்குக் கொடுத்தாகவேண்டிய ஒருவருக்கு முதல்வரைவு பற்றிய அச்சம் நெடுநாள் நிலைத்திருக்க முடியாது. இருவரும் ஏற்கெனவே முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் விவாதங்களில் தம் கருத்துக்களைத் தாக்குதலுக்கு உட்படுத்திப் பழகியவர். ஆய்வேட்டுக்கு வெளியே இருந்த இவ்வியக்கமே அவர்களுக்கு வாசகரையும் எதிராளியையும் அளித்தது. இயக்கம் தளர்ந்த பின் வந்த தலைமுறையினரிடம் அதே வேகத்தை எதிர்பார்ப்போர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் சஞ்சிகைகள் இதில் ஒன்று செய்யலாம். முற்றுப்பெற்ற கட்டுரைகளையே நாம் வெளியிட்டு வருகிறோம். ஆய்வு மாணவரின் முற்றுப்பெறாத அத்தியாயமொன்றை, அதற்கு இருவர் எழுதிய மறுப்புக்களுடன், இதழ்தோறும் வெளியிடுதல் இயலாததன்று, செலவும் மிகுதியில்லை. முதலில் ஆசிரியர் எவராவது தமது வரைவினை, வெட்டுக்களும் அடித்தல்களும் தெரியும்படி, இப்பக்கங்களுக்குத் தரவேண்டும். மாணவரிடம் துணிவைக் கோரும் முன் அது நிகழ்தல் நன்று. ஆய்வேட்டின் முன்பக்கத்தில், இது முற்றிலும் எனது சொந்த உழைப்பே என மாணவர் கையொப்பமிடும் உறுதிமொழி பற்றியும் பேசவேண்டியுள்ளது. வாசித்தவர், மறுத்தவர், மூலங்களைத் தேடிக் கொடுத்தவர், தட்டச்சிட்டவர், வீட்டுவேலையைத் தம் தோளில் ஏற்றவர் என எத்தனையோ பேரின் உழைப்பை அவ்வொரு வரி இல்லாமற் செய்துவிடுகிறது. அவ்வாசகத்தை மாற்றும் அதிகாரம் மாணவரிடம் இல்லை, மூதவையிடம் உள்ளது.