திருக்குறளில் ஒப்புரவும் கண்ணோட்டமும்: பெங்களூரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 1991ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருக்க வேண்டியது. கன்னட அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பினால் அது 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9 அன்று, அப்போதைய கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பாவின் முன்னிலையில் அப்போதைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. தமிழ் என்னும் சொல்லையே ஆளாத நூல் திருக்குறள். அது எந்த நாட்டையும் எந்த வேந்தனையும் பெயர் சுட்டிப் பாடவில்லை. அத்தகைய நூலின் ஆசிரியர் மொழிப்பூசல் ஒன்றின் அடையாளமாகி மூடுதுணிக்குள் நிற்க நேர்ந்தது. சிலை திறக்கப்பட்ட செய்தி பலரும் அறிந்தது. வேறுவேறு மொழி பேசுவோர் ஓரூரில் கூடிவாழ அந்நூல் காட்டும் நெறி யாது என்னும் வினாவோ இன்னும் விரிவாக எழுப்பப்பட வேண்டியதாகும். தனிமனிதனின் பண்பு எவ்வாறு ஊரின் பொதுநலமாகிறது என்பதை ஒப்புரவறிதல், கண்ணோட்டம் ஆகிய இரு அதிகாரங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரக்கத்தின் நான்கு நிலைகள்

பிற உயிர்பால் மனம் நெகிழும் தன்மையை வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் அடக்கவில்லை. அன்புடைமை (8), ஒப்புரவறிதல் (22), அருளுடைமை (25), கண்ணோட்டம் (58) என அது நான்கு இடங்களில் பேசப்படுகிறது. முதலிரண்டும் இல்லறவியலிலும், மூன்றாவது துறவறவியலிலும், நான்காவது பொருட்பாலின் அரசியலிலும் அமைந்துள்ளன. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு எனவும், தொடர்பு பற்றாது எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள் எனவும் பரிமேலழகர் வேறுபடுத்துவார். கண்ணோட்டத்தை, தன்னொடு பழகியவரைக் கண்டவிடத்து அவர் கூறுவதை மறுக்கமாட்டாத நெகிழ்ச்சி என்று அவர் விளக்குகிறார்.

இம்மூன்றனுள் கண்ணோட்டத்தின் இடம் தனித்து நோக்கத்தக்கது. அன்பிற்கு உறவு வேண்டும். அருளுக்கு எத்தொடர்பும் வேண்டா. கண்ணோட்டமோ பழக்கத்தில் பிறப்பது. உறவினரும் அல்லாத, முற்றிலும் அயலாரும் அல்லாத மனிதர்களிடையே தோன்றும் பண்பு அது. நகரவாழ்வில் ஒருவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் மனிதருள் பெரும்பாலோர் இவ்வகையினரே. அண்டை வீட்டார், கடைக்காரர், உடன் பணிபுரிவோர், ஒரே பேருந்தில் செல்வோர் ஆகியோரை உறவின் அன்பும் தழுவுவதில்லை. துறவியின் அருளை அவர்களிடம் எல்லாரும் காட்டிவிடவும் இயலாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே சமுதாயம் நடைபெறுகிறது. கண்ணோட்டமும் ஒப்புரவும் அவ்விடைவெளிக்குரிய அறங்கள் எனலாம்.

கண்ணோட்டம் அரசியலில் வைக்கப்பட்டமையால் அதனை வேந்தனுக்கே உரிய குணமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. வெருவந்தசெய்யாமைக்கும் ஒற்றாடலுக்கும் நடுவில் அவ்வதிகாரம் நிற்பது இக்கருத்துக்கு அரணாகும். அச்சுறுத்தும் ஆட்சிக்கும் ஒற்றறியும் ஆட்சிக்கும் இடையே, காணும் கண் கனிய வேண்டும் என்பது அவ்வைப்புமுறையின் குறிப்பு. ஆயினும் குடியாட்சியில் வேந்தனின் இருக்கை குடிமக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. யார் இவ்வூரார், யார் வந்தேறி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இன்று தெருவில் நிற்கும் தனிமனிதனும் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். அதிகாரம் பரவிய இடமெல்லாம் கண்ணோட்டமும் பரவுதல் வேண்டும் என்பதே இவ்வதிகாரத்தின் இக்காலப் பொருளாக அமையும்.

ஊருணியும் மரங்களும்

ஒப்புரவறிதலில் செல்வத்துக்கு மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. நீர் நிறைந்த ஊருணி (குறள் 215), ஊர் நடுவே பழுத்த பயன்மரம் (216), எல்லா உறுப்பாலும் மருந்தாகும் மரம் (217) என்பன அவை. ஊருணி தரும் நீர் மழையால் மீண்டும் நிறையும். பழமரம் தன் விளைவைத் தருகிறது. மறுபருவத்தில் மீண்டும் காய்க்கும். மருந்துமரமோ இலை, பட்டை, வேர் எனத் தன் உடலையே தருகிறது. எளிய பகிர்விலிருந்து தன்னை இழந்து தரும் நிலைவரை இம்மூன்றும் படிப்படியாக உயர்கின்றன.

உவமைகளினும் முதன்மையானது அவற்றோடு பொருத்தப்படும் மனிதரின் இயல்பு. செல்வம் தானாகவே ஊருணி ஆவதில்லை. அது பேரறிவு உடையவனிடம் சேரும்போது ஊருணியாகிறது. நயன் உடையவனிடம் சேரும்போது பழமரமாகிறது. பெருந்தகைமை உடையவனிடம் சேரும்போது மருந்துமரமாகிறது. பொருள் ஒன்றே, அதனைப் பொதுவாக்குவது உடையவனின் பண்பு. தனிமனித விழுமியத்துக்கும் சமுதாய நலத்துக்கும் உள்ள தொடர்பை இதனினும் சுருங்க உரைத்தல் அரிது. குன்றக்குடி அடிகளார் ஒப்புரவைச் சமுதாய அறமாக விரித்துப் பேசியமைக்கு இவ்வதிகாரத்தில் வலுவான அடிப்படை உண்டு.

ஒப்புரவு ஈகையினின்றும் வேறானது. இல்லாதவர்க்குத் தருவதே ஈகை என்பதை அடுத்த அதிகாரத்தின் முதற்குறள் (221) வரையறுக்கிறது. ஊருணியில் நீர் முகப்பவர் வறியவரா, செல்வரா, உள்ளூராரா, வழிப்போக்கரா என்று வினவுவார் இல்லை. தருபவர் மேலும் பெறுபவர் கீழுமாக நிற்கும் நிலையை ஒப்புரவு நீக்கிவிடுகிறது. அன்பையும் அருளையும் ‘உடைமை’ எனக் கூறிய வள்ளுவர், ஒப்புரவை ‘அறிதல்’ எனக் கூறியதும் கருதத்தக்கது. ஒப்புரவு நூல்களில் விதிக்கப்படுவது அன்று, உலகநடையை நோக்கித் தாமே அறிந்து செய்ய வேண்டுவது என்று பரிமேலழகர் இதற்கு விளக்கம் தருகிறார். ஆகவே அஃது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப ஒவ்வொருவரும் புதிதாக அறிந்துகொள்ள வேண்டிய அறமாகிறது. தமிழ்நாட்டு ஊரொன்றில் அறிந்த ஒப்புரவு பெங்களூரில் அப்படியே போதுமானதாகாது. அங்கு வாழும் தமிழர் கன்னடம் கற்பதும், கன்னடர் தம் அண்டையாரின் மொழிக்கு இடம் தருவதும் அவ்வூருக்குரிய ஒப்புரவாகும்.

பெங்களூர் ஏரிகளால் வளர்ந்த நகரம் என்பது இங்கு இணைத்து எண்ணத்தக்கது. வற்றாத ஆறு பாயாத மேட்டுநிலத்தில் அமைந்த அவ்வூர் மழைநீரைத் தேக்கியே வாழ்ந்தது. மேலேரி நிறைந்ததும் மிகுநீர் வாய்க்கால் வழியே கீழேரிக்குச் செல்லும் வகையில் அவை சங்கிலித்தொடராக அமைக்கப்பட்டன. தன் அளவு நிறைந்தபின் அடுத்ததை நிறைக்கும் அவ்வமைப்பு ஒப்புரவுக்கு நேரிய எடுத்துக்காட்டு. அச்சங்கிலி அறுந்தபோது நேர்ந்ததும் அறியப்பட்டதே. கழிவு கலந்த பெல்லந்தூர் ஏரி நுரைத்துப் பொங்கியதோடு, 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அதில் தீயும் பற்றியது. நீரே எரிந்த அக்காட்சி, ஊர்ப்பொதுவை எவரும் தமதாகக் கருதாமையின் விளைவாகும்.

மண்ணில் ஊன்றிய மரம்

ஒப்புரவறிதலில் ஈகையின் உருவாக நிற்கும் மரம், கண்ணோட்டத்தில் இரக்கமின்மையின் உருவாகிறது. கண் இருந்தும் கண்ணோடாதவர், மண்ணில் ஊன்றி இயங்காது நிற்கும் மரத்துக்கு ஒப்பாவர் என்பது 576ஆம் குறளின் கருத்து. மரத்தின் கணுவையும் ‘கண்’ என வழங்குவதுண்டு. ஆயினும் அக்கண் பார்ப்பதில்லை. இரு மரங்களும் மண்ணில் வேரூன்றியவையே. ஒன்று ஊருக்குப் பழம் தருகிறது. மற்றொன்று வெறுமனே நிற்கிறது. வேர் இரண்டுக்கும் பொது. வேறுபாடு தருதலில் உள்ளது.

மண்ணின் மைந்தர் என்னும் முழக்கம் இந்திய நகரங்கள் பலவற்றிலும் கேட்கிறது. ஒரு நிலத்தில் நெடுங்காலம் வேர்கொண்டிருத்தலே உரிமையின் அடிப்படை என அது வாதிடுகிறது. இவ்வாதத்துக்கு விடையாகப் பெங்களூர்த் தமிழர் தம் பழமையை எடுத்துக்கூறுவர். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த பாளையப் பகுதியை ஒட்டித் தமிழர் பெருகிய வரலாறு அதற்குச் சான்றாகும். வரலாறு என்னும் நிலையில் இருதரப்புக் கூற்றும் ஆராய்தற்குரியன. அறம் என்னும் நிலையில் வள்ளுவரின் அளவுகோல் வேறு. மண்ணில் எவ்வளவு காலம் ஊன்றியிருக்கிறாய் என்று அது கேட்பதில்லை. அயலானைக் காணும்போது கண் நெகிழ்கிறதா என்றே கேட்கிறது. கண்ணோட்டம் இல்லாதவர் நிலத்துக்குச் சுமை (572) என்பதும் அவ்வதிகாரத்தின் கூற்றே. மைந்தர் என்று உரிமை கொள்வோரையும் மண் சுமையாகக் கருதக்கூடும் என்பது இதன் உட்பொருள்.

இவ்விரு அதிகாரங்களிலும் மையமாக நிற்கும் ஊர், நீர், மரம், மண், கண் ஆகிய சொற்கள் கன்னடத்திலும் ஊரு, நீரு, மர, மண்ணு, கண்ணு என வழங்குகின்றன. ‘ஒப்பு’ என்பது கன்னடத்தில் உடன்படுதலைக் குறிக்கிறது. அறத்தை விளக்க வள்ளுவர் கையாண்ட கருவிகள் இரு மொழியினருக்கும் பொதுவான சொத்து என்பதை ஒப்பியல் ஆய்வாளர் கருத்தில் கொள்ளுதல் நலம்.

கடமையும் நஞ்சும்

இரக்கம் கடமையைத் தளர்த்திவிடும் என்பது கண்ணோட்டத்துக்கு எதிராக எழும் தடை. வள்ளுவர் இதனை உணர்ந்தே தம் கடமை கெடாதவாறு கண்ணோட வல்லவர்க்கு இவ்வுலகம் உரிமையாகும் என்றார் (578). ஆனால் அதிகாரத்தின் இறுதிக் குறளோ (580), நஞ்சு பெய்வதைக் கண்டும் அதனை உண்டு அமைவோரைப் பேசுகிறது. நெடுநாள் நட்பினர் தந்தால் நஞ்சையும் உண்பர் நாகரிகர் என்னும் கருத்து நற்றிணை 355ஆம் பாடலிலும் உள்ளது. ஒரே அதிகாரத்தில் இரண்டும் முரணாகத் தோன்றலாம். கடமை என்பது பிறர்பொருட்டு ஏற்றது. அதனைக் கெடுக்க எவர்க்கும் உரிமை இல்லை. நஞ்சு தனக்கு நேரும் இழப்பு. அதனைப் பொறுத்தல் தன் விருப்பம். பிறர்க்குரியதை விட்டுக்கொடாமையும் தன் இழப்பைத் தாங்கிக்கொள்ளுதலும் ஒரே பண்பின் இரு முகங்கள் எனக் கொண்டால் முரண் நீங்குகிறது.

இவ்வேறுபாடு காவிரிச் சிக்கலுக்கு நேரே பொருந்துவது. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 2016 செப்டம்பரில் மீண்டும் அந்நகரில் பேருந்துகள் எரிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் கன்னடருக்குரிய உடைமைகள் தாக்கப்பட்டன. நீர்ப்பங்கீடு என்பது கடமையின்பாற்பட்டது. அது மன்றங்களில் வாதிட்டுப் பெறுவது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தன் தீர்ப்பை வழங்கியது. அண்டை வீட்டாரிடம் காட்டும் பரிவு ஒரு மாநிலத்தின் பங்கில் ஒரு துளியையும் குறைத்துவிடாது. அவரைத் துன்புறுத்துவதும் ஒரு துளியைக் கூட்டிவிடாது. கடமைக்குரிய இடத்தையும் கண்ணோட்டத்துக்குரிய இடத்தையும் குழப்பிக்கொண்டதே இக்கலவரங்களின் அறப்பிழை. 2009இல் திறந்த சிலை 2016இன் தீயைத் தடுக்கவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது. சிலையைத் திறத்தல் அரசுகள் செய்யக்கூடியது. கண்ணைத் திறத்தல் தனிமனிதன் செய்ய வேண்டியது.

580ஆம் குறளில் ‘நாகரிகம்’ என்னும் சொல் கண்ணோட்டம் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. நகர் என்பதினின்று நாகரிகம் பிறந்ததாகப் பாவாணர் கருதுவார். அக்கருத்தை ஏற்பின், நகரவாழ்வின் அளவுகோலாகக் கட்டடங்களையும் தொழில்களையும் கொள்ளாது, பழகியவரிடம் காட்டும் நெகிழ்ச்சியைக் கொண்ட ஒரு பார்வை தமிழில் இருந்தமை புலனாகிறது.

சர்வக்ஞர் தரும் மறுபக்கம்

சிலைமாற்றத்தில் இணைக்கப்பட்ட சர்வக்ஞர், மூவடிப் பாக்களாகிய திரிபதிகளை இயற்றியவர். ஊர்தோறும் இரந்து திரிந்த துறவியாக மரபு அவரைக் காட்டுகிறது. வள்ளுவரின் ஒப்புரவு பெரும்பாலும் உடையவனை நோக்கிப் பேசுகிறது. சர்வக்ஞரோ வாயிலில் நின்று பெறுபவரின் நிலையிலிருந்து சோற்றின் அருமையையும் சாதிவேற்றுமையின் பொய்ம்மையையும் பேசுகிறார். ஊருணியைக் கரையிலிருந்து காண்பது ஒன்று. தாகத்தோடு காண்பது மற்றொன்று. இருவரையும் சேர்த்துப் பயிலும்போதே ஒப்புரவின் முழுவடிவம் கிட்டும்.

இருவரைப் பற்றிய பிறப்புக்கதைகளும் ஒத்துள்ளன. வள்ளுவரை ஆதி, பகவன் என்போரின் மகனாகக் கூறும் கதையும், சர்வக்ஞரை அந்தணத் தந்தைக்கும் குயவர்குலத் தாய்க்கும் பிறந்தவராகக் கூறும் கதையும் வரலாற்றுச் சான்றாக ஏற்கத்தக்கன அல்ல. ஆனால், அறம் உரைத்த புலவன் ஒரு குலத்துக்குள் அடங்காதவன் என்பதை இரு சமுதாயங்களும் தனித்தனியே விரும்பின என்பதற்கு அக்கதைகள் சான்றாகும்.

முடிவுரை

அன்புக்கும் அருளுக்கும் இடைப்பட்ட அயலார் உறவை நெறிப்படுத்தும் அறங்களாக ஒப்புரவும் கண்ணோட்டமும் குறளில் அமைந்துள்ளன. செல்வம் பொதுவாவது உடையவனின் அறிவு, நயன், பெருந்தகைமை ஆகிய தனிப்பண்புகளால் என்பது உவமைகளின் அமைப்பால் விளங்குகிறது. மண்ணில் ஊன்றியிருத்தல் மட்டுமே ஒருவரை ஊருக்கு உரியவராக்காது என்பது இரு மரங்களின் ஒப்பீட்டால் தெளிவாகிறது. கடமையையும் கண்ணோட்டத்தையும் அதனதன் இடத்தில் வைப்பது கூடிவாழ்தலின் முதற்படி. இவ்வறங்களைத் தமிழரின் பெருமையாக மட்டும் எடுத்துரைப்பது நூலின் நோக்கத்துக்கு மாறானது. அயல்மொழி பேசும் அண்டையாரிடம் தமிழர் அவற்றைக் கடைப்பிடிக்கும் இடத்திலேயே திருக்குறள் உலகப்பொது நூலாகிறது.