மாணவர் இசையிதழும் பாயிர மரபும்

இதழியல் தமிழ்த்துறைகளின் பாடங்களுள் ஒன்றாக இடம்பெற்றபின், மாணவர் தாமே ஆக்கிக் கொணரும் இதழை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா ஆசிரியர் முன் நிற்கின்றது. பிழையற எழுதினாரா, அழகுற அமைத்தாரா என்னும் இரண்டோடு அம்மதிப்பீடு முடிந்துவிடுமா? இதற்கு விடை காண, இத்தகைய பணியை விரிவாக வகுத்து, வினாக்களும் மதிப்பெண்களும் வரையறுத்துக் கொடுத்த பாடத்திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயனுடைத்து. இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008-ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திய ஊடகவியல் பாடத்திட்டமே ஈண்டு நாம் கருதுவது. பள்ளி மேல்வகுப்பின் முதலாண்டில் அது வகுத்த செயல்முறைப் பணிகளுள் ஒன்று, மாணவர் புதியதோர் இசையிதழை வடிவமைத்தலும், அதனைத் தாமே மதிப்பிட்டு எழுதுதலும் ஆகும்.

பணியின் அமைப்பு

அப்பணி இரு படிகளை உடையது. முதற்படி பயிற்சியளவினது, பள்ளி இதழ் ஒன்றின் முகப்பினை ஒரு மாணவரது மார்பளவு ஒளிப்படத்தோடும் இதழ்ப்பெயரோடும் அமைத்து, உள்ளடக்கப் பக்கத்திற்கு ஒரு மாதிரி காட்டுதல். இரண்டாம் படியே தலைமைப் பணி. இசையிதழ் ஒன்றின் முகப்பு, உள்ளடக்கப் பக்கம், எதிரெதிராக அமையும் இருபக்கக் கட்டுரை ஆகிய மூன்றனையும் ஆக்குதல். எழுத்தும் படமும் மாணவருடையனவாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது 4 படங்களைத் தாமே எடுத்துச் சேர்த்தல் வேண்டும். மொத்த மதிப்பெண் 100. அதனுள் முன்னாய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்திற்கு 60, தன்மதிப்பீட்டிற்கு 20 எனப் பகுக்கப்பட்டன.

தன்மதிப்பீடு 7 வினாக்களுக்கு விடையாக அமைந்தது. வழக்கிலுள்ள இதழ்களின் மரபை மாணவரது இதழ் எவ்வாறு கைக்கொள்கின்றது, வளர்க்கின்றது அல்லது எதிர்க்கின்றது என்பது முதல் வினா. எந்தச் சமூகப் பிரிவினரை எவ்வாறு காட்டுகின்றது என்பது இரண்டாவது. எத்தகைய நிறுவனம் இதனை வெளியிடக்கூடும் என்பது மூன்றாவது. இதழைப் படிப்போர் யாவர் என்பது நான்காவது. அவரை எவ்வாறு ஈர்த்தீர் என்பது ஐந்தாவது. இதழை ஆக்கும்போது கருவிகளைப் பற்றிக் கற்றது யாது என்பது ஆறாவது. பயிற்சிப் பணியிலிருந்து தலைமைப் பணி வரையில் அடைந்த வளர்ச்சி யாது என்பது ஏழாவது.

நன்னூல் தரும் அளவுகோல்

ஒரு நூலைக் குறித்துக் கேட்கத்தக்க வினாக்கள் யாவை என்பதைத் தொகுத்துரைத்த இலக்கணம் நம்மிடம் உண்டு. நன்னூலின் பாயிரவியல், ஆக்கியோன் பெயரும் நூலின் பெயரும், அது வந்த வழியும் வழங்கும் எல்லையும், யாப்பும் நுதலிய பொருளும், கேட்போரும் பயனும் ஆகிய எட்டனையும் சிறப்புப்பாயிரம் உணர்த்தல் வேண்டும் என்கின்றது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பது அந்நூலே காட்டும் செய்தி. ஆங்கிலப் பாடத்திட்டத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்பது நம் கருத்தன்று. எனினும், ஒன்றை மற்றொன்றன் பக்கத்தில் வைத்து நோக்கின், எது கேட்கப்பட்டது, எது விடுபட்டது என்பன தெளிவாகும்.

முதல் வினா வழியையும் யாப்பையும் பற்றியது. முதல்நூலொடு பொருந்தித் தனக்கு வேண்டிய வேறுபாட்டைக் கொள்ளும் வழிநூல், வேறுபாடே மிக்க சார்புநூல் என்னும் நம் பாகுபாடு, மரபைக் கைக்கொள்ளுதல், வளர்த்தல், எதிர்த்தல் என்னும் அப்பாகுபாட்டை ஓரளவு ஒத்திருத்தல் காண்க. நான்காம் ஐந்தாம் வினாக்கள் கேட்போரைப் பற்றியன. மூன்றாம் வினா நூல் அரங்கேறும் களத்தோடு ஒருவாறு இயையும். ஆறாவதும் ஏழாவதும் பாயிரத்தில் இல்லாதன. ஆக்கியோனது பயிற்சியை நோக்கியவை ஆதலின் பள்ளிப் பாடத்திற்கு அவை உரியனவே.

இனி விடுபட்டவை எவை? நுதலிய பொருளும் பயனும் ஆகிய இரண்டே. மக்களைக் காட்டும் முறை பற்றிய இரண்டாம் வினா பொருளின் ஒரு கூற்றைத் தொடுகின்றது என்பது உண்மை. ஆனால் இசையிதழின் பொருள் இசை. இவ்விதழ் எவ்விசையைப் பற்றிப் பேசுகின்றது, அதனைப் பற்றி என்ன கூறுகின்றது, அதனைப் படித்தவர் முன்னினும் நன்கு கேட்பாரா என்பன அவ்வேழு வினாக்களுள் ஒன்றிலும் கேட்கப்படவில்லை. நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுவே: பொருளைக் கேளாத மதிப்பீடு, வடிவத்தையும் செவ்வையாக மதிப்பிட இயலாது.

பொருளில் பிறக்கும் வடிவம்

இதனை மெய்யான இதழ்கள் இரண்டைக் கொண்டு விளக்கலாம். 1981-இல் இலண்டனில் தோன்றிய ‘கெர்ராங்!’ வன்மையான ராக் இசைக்குரிய இதழ். மின்கித்தாரின் தந்திகளை ஓங்கி மீட்டுங்கால் எழும் ஒலியைப் போன்றதே அதன் பெயர். நம் இலக்கணத்தார் இதனை ஒலிக்குறிப்பு என்பர். அப்பெயரைப் பொறித்த எழுத்துகளோ உடைந்த கண்ணாடி போல் விரிசலுற்றுத் தோன்றும். செவிக்குரிய ஒலி ஈண்டுக் கண்ணுக்குரிய வடிவமாயிற்று. விரிசலுற்ற எழுத்து ராக் இதழ்களின் மரபு என்று மட்டும் எழுதும் மாணவர் வடிவத்தைக் கண்டார். அவ்விரிசல் எந்த ஒலியிலிருந்து பிறந்தது என்பதைக் காணவில்லை.

மற்றொன்று 1976-ஆம் ஆண்டு சூலையில் மார்க் பெர்ரி என்னும் இளைஞர் தொடங்கிய ‘சினிஃபின் குளூ’. ரமோன்சு குழுவினரின் இசையால் ஈர்க்கப்பட்ட அவர், வங்கி எழுத்தர் பணியில் இருந்தவாறே இதனை ஆக்கினார். கட்டுரைகள் தட்டச்சுப்பொறியில் அடிக்கப்பட்டன. தலைப்புகள் தடித்த எழுதுகோலால் கையால் எழுதப்பட்டன. பக்கங்கள் ஒளிநகற்பொறியில் படியெடுக்கப்பட்டன. எழுத்துப்பிழைகளும் அடித்தல் திருத்தல்களும் அதில் மலிந்திருந்தன. 1977-இல் அது நின்றுபோயினும், பங்க் இசையின் வரலாற்றை எழுதுவோர் அதனை விடுத்து எழுதுவதில்லை. மெருகை வெறுத்த இசைக்கு மெருகற்ற பக்கமே தக்க யாப்பாயிற்று என்பதே அதன் சிறப்பிற்குக் காரணம்.

இவ்விதழை நாம் எடுத்துக்கொண்ட பாடத்திட்டத்தின் அளவைகளால் அளந்து பார்ப்போம். ஆக்கத்திற்குரிய 60 மதிப்பெண்களும் பக்க அமைப்பு மரபறிதல், எழுத்துருவிலும் அளவிலும் வேறுபாடு காட்டுதல், பிழையற்ற மொழி, படத்தையும் எழுத்தையும் இயைத்தல், ஒளிப்படத்தை எடுத்தலும் வெட்டிப் பொருத்துதலும், கணினிக் கருவிகளைத் தக்கவாறு கையாளுதல் முதலிய திறன்களுக்கு உரியன. பெர்ரியின் இதழ் இவற்றுள் பலவற்றில் தாழ்வே எய்தும். மரபை எதிர்த்தலும் முதல் வினாவில் இடம்பெற்றுள்ளதே எனின், ஆம். ஆயினும் அவ்வினா 60-இல் அன்று, 20-இல் அடங்குவது. இன்ன இசைக்காக இம்மரபை எதிர்த்தேன் என்று சொல்ல இடமில்லாதபோது, எதிர்ப்பு வெறும் வேறுபாடாகவே எஞ்சும்.

இத்தகைய பணிகளில் பெரும்பாலும் காணப்படும் முகப்பு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மேலே பெரிய இதழ்ப்பெயர். நடுவே படிப்போரை நேராக நோக்கும் ஒரு முகம். இருமருங்கும் உட்பொருளை அறிவிக்கும் வரிகள். மூன்று வண்ணங்களுக்கு மிகாத கட்டுப்பாடு. மூலையில் விலையும் பட்டைக்குறியும். இவையனைத்தும் மரபின்படி குற்றமற்றவை. ஆயின் அம்முகத்திற்கு உரியவர் உடன் பயிலும் மாணவர். கையிலுள்ள கித்தார் இரவல். நேர்காணலில் பேசும் குழுவோ பாடல் ஒன்றும் பாடாத கற்பனைக் குழு. படங்கள் மாணவர் எடுத்தனவாக இருத்தல் வேண்டும் என்ற விதி நன்மை கருதியதே. அதன் விளைவாகப் புகழ்பெற்ற கலைஞரைக் காட்டவியலாத மாணவர், இல்லாத கலைஞரைப் படைத்துக்கொள்கின்றார். இல்லாத பாடலைக் கேட்டல் இயலாது. ஆதலின் நேர்காணல் புகழ், பயணம், நட்பு, பிணக்கு என்பவற்றைச் சுற்றியே செல்கின்றது. இசையிதழில் இசை இல்லாமற் போதல் இவ்வாறு நிகழ்கின்றது.

விதி இதனைக் கட்டாயமாக்கவில்லை என்பதும் கருதற்பாலது. மாணவரே எடுத்த படம் வேண்டும் என்றதேயன்றி, கற்பனைக் கலைஞர் வேண்டும் என்று அது கூறவில்லை. தம் ஊரில் பாடும் குழுவினரையோ பள்ளிப் பாடற்குழுவையோ கண்டு, கேட்டு, படமெடுத்து எழுதியிருக்கலாம். கேட்டதை எழுத்தில் உணர்த்தல் அரிது. அவ்வருமையே மாணவரது திறனைக் காட்டும் உரைகல். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய திறத்தைத் தனித்தனியே பகுத்துரைக்கும் சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பயின்றவர், இசையை எழுதுதல் புகழுரை அடுக்குவதன்று, பகுத்துக் கேட்டலாகும் என்பதை அறிவர்.

தற்புகழ்ச்சியும் தன்மதிப்பீடும்

இரண்டாவதாக ஆராயத்தக்கது, ஆக்கியோனே தன் ஆக்கத்தை மதிப்பிடல் தகுமா என்பது. ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரே பாயிரம் செய்தற்குரியர் என்று நன்னூல் வரையறுக்கின்றது. எத்துணைச் சிறந்த நூல் செய்தாலும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அதற்கு அது கூறும் காரணம். எனினும் அரசவைக்கு ஓலை விடுக்குங்கால், தன் ஆற்றலை அறியாதாரிடத்து, அவையில் வாதிட்டு வெல்லுங்கால், பிறர் பழித்துரைத்தவிடத்து என நான்கு இடங்களில் அதனை உடன்படவும் செய்கின்றது. இவ்விலக்கணம் மனித இயல்பை நன்கு அறிந்து செய்யப்பட்டது என்பது வெளிப்படை.

தேர்வு எழுதும் மாணவர் எந்நிலையில் உள்ளார்? தம் ஆற்றலை அறியாத தேர்வாளர் முன் உள்ளார். ஆதலின் தற்புகழ்ச்சி அவர்க்கு ஒருவகையில் விலக்கன்று. ஏழாம் வினாவோ வளர்ச்சி உண்டென்று முன்னரே கொண்டு அதன் அளவை மட்டும் கேட்கின்றது. வளரவில்லை என்று எவர் விடையெழுதுவார்? ஐந்தாம் வினாவும் ஈர்த்ததாகவே கொண்டு, ஈர்த்த முறையை வினவுகின்றது. இங்ஙனம் வினாவின் சொல்லமைப்பே விடையைப் புகழ்ச்சியின்பால் சாய்த்துவிடுகின்றது. மதிப்பீடு என்னும் பெயரால் மாணவர் எழுதுவது தம் இதழுக்கான விளம்பரமாக முடிகின்றது. இது மாணவரது குற்றமன்று, வினாவின் குற்றம்.

அடுத்த ஆண்டிற்குரிய பணியில், படிப்போரிடமிருந்து பெற்ற கருத்துகளால் கற்றது யாது என்னும் வினா சேர்க்கப்பட்டிருந்தது போற்றத்தக்கது. அஃது உடன் கற்றோன் குரலுக்கு இடந்தந்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டம் பழைய பின்னுரையை விடுத்து, ஆக்கத்திற்கு முன்னரே நோக்கவுரை எழுதுமாறு பணித்தது. முன்னுரையாய் நிற்றலால் இது பாயிரத்திற்கு மிக அணித்து. எனினும் நோக்கத்தை முன்னர்க் கூறுவது எளிது. அந்நோக்கம் எங்கே நிறைவேறவில்லை என்று பின்னர்க் கூறுவதே மதிப்பீடு. அக்கூறு இம்மாற்றத்தில் மறைந்தது ஓர் இழப்பே.

ஒரு தடையும் விடையும்

இஃது ஊடகவியற் பாடமேயன்றி இசைப் பாடம் அன்று. ஆகலின் இசையைக் கேளாமை குற்றமாகாது என்று தடை நிகழ்த்தலாம். மாணவர் எந்த இசையை விரும்பினும் ஒரே அளவையால் அளக்க வேண்டும் என்னும் நடுநிலை நோக்கும் அதில் அடங்கியுள்ளது. இத்தடை வலியுடையதே. ஆயினும் ஊடகம் என்பது ஒன்றை மற்றொருவர்க்குக் கொண்டுசெலுத்துவது. கொண்டுசெலுத்தும் பொருளை விலக்கிக் கொண்டுசெலுத்தும் முறையை மட்டும் அளத்தல், ஓடத்தின் வண்ணத்தைக் கண்டு அது கரை சேர்ந்ததா என்பதைக் கேளாமை போலும்.

மேலும், சந்தையையும் நிறுவனத்தையும் பற்றிய விடைகள் விரைவில் மூப்படைகின்றன. 1952-இல் தொடங்கிய ‘நியூ மியூசிக்கல் எக்சுபிரசு’ 2018-இல் தன் வார அச்சுப் பதிப்பை நிறுத்தியது. 1986-இல் தோன்றிய ‘கியூ’ 2020-இல் முடிந்தது. இவ்விதழ்களின் சந்தையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விடைகள் இன்று வரலாற்றுக் குறிப்புகளே. ஒரு பாடலைச் செவ்வனே கேட்டு எழுதிய பத்தியோ அப்பாடல் உள்ளளவும் பயன்படும்.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று: மாணவர் இதழை மதிப்பிடுங்கால் பொருளும் பயனும் முதற்கண் வினவப்படல் வேண்டும், வடிவம் அவற்றுக்கு இயைந்ததா என்பது அதன் பின்னரே வினவற்குரியது. இரண்டு: தன்மதிப்பீட்டு வினா, விடையை முன்னரே கொள்ளாததாய், குறைபாட்டை உரைப்பார்க்கும் மதிப்பெண் தருவதாய் அமைதல் வேண்டும். மூன்று: அதனோடு உடன் கற்றோன் ஒருவனது மதிப்பீடும் இணைக்கப்படல் வேண்டும்.

நம் கல்லூரிகளில் கையெழுத்து இதழ் நடத்தும் வழக்கம் நெடுநாளையது. அவ்விதழ்களை அட்டை ஓவியத்திற்கும் கையெழுத்தழகிற்கும் பாராட்டிப் பரிசளித்து அமைகின்றோம். அவற்றில் எழுதப்பட்டது யாது, அதனைப் படித்தவர் பெற்றது யாது என்னும் இரு வினாக்களையும் இனிச் சேர்த்துக் கேட்பின், இதழியற் பயிற்சி திறனாய்வுப் பயிற்சியாகவும் அமையும்.