களப்பணிப் பதிவேட்டின் மொழி: தமிழகச் சமூகப்பணிக் கல்வி குறித்த ஒரு திறனாய்வு

வளரும் நாடுகளில் சமூகப்பணி மாணவர் களப்பணியில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளைப் பற்றிய ஆய்வுகள், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இன்மை, நிறுவனங்களின் வளக்குறை, பயணச் செலவு ஆகியவற்றையே பெரிதும் முன்வைக்கின்றன. இவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும், தமிழகச் சூழலில் இவற்றுக்கு இணையாகக் கருதத்தக்க மற்றொரு சிக்கல் களப்பணிப் பதிவேட்டின் மொழியாகும்.

இந்தியாவில் முறைசார் சமூகப்பணிக் கல்வி, 1936இல் பம்பாயில் நிறுவப்பட்ட சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியில் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அமெரிக்கரான கிளிஃபோர்டு மான்ஷார்ட். அமெரிக்க மரபின் தாக்கம் பாடத்திட்டத்தில் மட்டுமன்றிப் பதிவுமுறையிலும் படிந்தது. சென்னையில் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தோன்றியது. உரையாடலை நினைவுகூர்ந்து விரிவாக எழுதும் நிகழ்முறைப் பதிவு, பேசிய மொழியிலேயே எழுதப்படும் என்னும் எடுகோளின் மீது அமைந்தது. தமிழகத்திலோ தமிழில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதிவாகிறது.

கடன் சுமையில் இருக்கும் ஒரு பெண், "வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யணும்" என்று கூறுவதாகக் கொள்ளலாம். பதிவேட்டில் இது 'பொருளாதாரச் சிக்கல்' எனச் சுருங்கிவிடும். மொய் வெறும் கடன் அன்று. உறவையும் ஊர் மதிப்பையும் காக்கும் கைம்மாறு. அதைத் திருப்பிச் செய்யாதவர் உறவினர் முன் தலைநிமிர இயலாது. இதனை உணராத பதிவு, சுயஉதவிக்குழுக் கடனை மொய்க்குச் செலவிடுவதை 'வீண்செலவு' என்று மதிப்பிடக்கூடும். மேற்பார்வையாளரின் கைக்கு வருவது அப்பதிவே. அங்கு ஆங்கிலப் பிழை திருத்தப்படுகிறது. தவறிய பொருள் திருத்தப்படுவதில்லை. தமிழ்வழியில் பயின்ற மாணவர் மக்களின் பேச்சை நுட்பமாகச் செவிமடுத்திருப்பினும், மதிப்பெண்ணில் பின்தங்க நேர்கிறது.

கலைச்சொல் வளமும் வேலைவாய்ப்பும் கருதி ஆங்கிலம் தேவை என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அத்தேவை பகுப்பாய்வுக்கு உரியது, உரையாடலுக்கு உரியதன்று. 2014இல் மெல்பர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரையறை, மண்சார் அறிவையும் துறையின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. அவ்வறிவு மக்களின் சொற்களிலேயே உறைகிறது. எனவே உரையாடற் பகுதியைத் தமிழிலும் பகுப்பாய்வை ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுத இசைவளிப்பது கூடுதல் நிதி வேண்டாத சீர்திருத்தமாகும். மேற்பார்வை என்பது மொழிபெயர்ப்பைத் திருத்துவதாக அன்றி, மாணவரின் செவியைப் பயிற்றுவதாக அமைய அதுவே முதற்படி.