சார்ந்ததன் வண்ணமும் நூற்பயிற்சியும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. ஆகவே, பலதிறப்பட்ட நூல்களையும் பயிலுதல் சைவர்க்குத் தகுமோ என்னும் ஐயம் நெடுங்காலமாக உண்டு. சோழ மன்னன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தமை கண்டே சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் பெருமையை அவனுக்கு எடுத்துரைத்தார் எனச் சேக்கிழார் புராணம் கூறுதலும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. சுயசரிதம், நாடகம், மொழிபெயர்ப்பு என வகையால் வேறுபட்ட மூன்று நூல்களை ஒருசேர வைத்துப் பயில்வார்க்கு இவ்வையம் தீரும்.

முதலாவது, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்தமையால் 122 அத்தியாயங்களோடு நின்று, 1950-இல் நூலுருப் பெற்றது இது. வாரப் பகுதிகளாக அமைந்தமையின் சில செய்திகள் வேண்டியதினும் விரிகின்றன; அஃது ஒரு குறையே. எனினும், 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற நூல்களை அடுக்கிக் கூறிய ஐயர், சிந்தாமணி கற்றதுண்டோ என்ற வினாவிற்குப் புத்தகம் கிடைக்கவில்லை என விடை கூற நேர்ந்த இடம் படிப்பார் செருக்கை அடக்குவது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் கற்ற அவர், குடந்தையில் வாழ்ந்த சைனர்பால் ஐயம் வினவித் தெளிந்து, 1887-இல் அக்காப்பியத்தை அச்சேற்றினார். அதனால் அவர்தம் சைவம் சிறிதும் குன்றவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-இல் சிவபதம் அடைந்த நிகழ்ச்சியை அவர் எழுதியுள்ள பகுதி கண்ணீரின்றிப் படித்தற்கரியது. ஐயர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓத, கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை அப்பெரியாரைத் தாங்கியிருந்தனர்.

இரண்டாவது, பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’. ஆங்கிலேயராகிய லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவியது. நீண்ட பேச்சுக்கள் மிக்கமையின் மேடையினும் ஏட்டிற்கே ஏற்றது. சீவகனை மயக்கும் குடிலனை மலமாகவும், சுந்தர முனிவரைக் குருவாகவும் கொண்டு இதற்குப் பொருள் கூறுவதுண்டு. முனிவர் அமைத்த சுருங்கை வழியைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கின்றான் குடிலன். அவ்வஞ்சனையே மனோன்மணிக்குரிய மணாளனை அவள்பால் கொணர்கின்றது. மறைத்தலும் அருளே என்னும் சித்தாந்த உண்மைக்கு இதனினும் இனிய விளக்கம் நாடக உலகிற் காண்டல் அரிது. கதை பிறநாட்டது, அதனை ஏற்றுக்கொண்ட உள்ளம் நம்முடையது.

மூன்றாவது, போப்பையரின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு. 1820-இற் பிறந்த அவர் தம் எண்பதாம் வயதில், 1900-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் இதனை வெளியிட்டார். உமாபதி சிவனாரின் திருவருட்பயனையும் மொழிபெயர்த்து உடன்சேர்த்தமை பாராட்டற்குரியது. மணிவாசகப் பெருமானைத் தம் சமயக் கண்கொண்டு அளக்கும் இடங்களில் சைவருள்ளம் வருந்தும். ஆயினும், தமக்குரிய நெறியை விடாமலே பிறர் மறையின்முன் உருகி நின்ற அவ்வுள்ளத்தை இகழ்தல் அறமன்று.

இம்மூவரும் பிறிதொன்றைக் கற்றும் தம் நிலையிற் பிறழாதார். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும். அடுத்தது நீங்கியவழித் தன் தெளிவே விளங்கும். ஆதலின், அஞ்சத்தக்கது பல நூல் பயிலுதலன்று. நிலையான சார்பு ஒன்றும் இன்றிப் பயிலுதலே. சிந்தாமணி போதாது என மன்னனுக்கு உணர்த்திய சேக்கிழாரும் அதனை அறியாது அங்ஙனம் உணர்த்தியிருத்தல் இயலாதன்றோ? திருமுறையும் சாத்திரமும் ஆசிரியர்பால் முறையாகக் கேட்டு, அச்சார்பில் உறுதிபெற்ற இளைஞர் எந்நூலையும் அஞ்சாது விரித்துப் பார்க்கலாம். அவ்வுறுதியை அவர்க்கு அளியாது, நூல்களை மட்டும் பூட்டிவைக்கும் முதியோரே இக்காலத்துச் சைவத்திற்குக் குறைசெய்வோர் ஆவர்.