விலை பிரியும் கோடு
நார்வேயும் ஸ்வீடனும் 1996-இல் ஒரே மின்சந்தையாயின. பின்லாந்தும் டென்மார்க்கும் பின்னால் சேர்ந்தன. இந்தச் சந்தையில் நாளைய மின்சாரத்துக்கான ஏலம் இன்று நண்பகல் 12 மணிக்கு முடியும். மின்தடம் தாங்கும்வரை எங்கும் ஒரே விலை. நிரம்பினால் இருபுறமும் விலை பிரியும். எங்கே பிரியலாம் என்று கோடு போட வழிசொல்வது கொள்கை ஆலோசகரின் வேலை. ஸ்வீடனில் பெரிய நீர்மின் அணைகள் வடக்கே, மக்கள் பெரும்பாலும் தெற்கே; மின்சாரம் வடக்கிலிருந்து தெற்கே போகவேண்டும். முன்பு நாடு முழுதும் ஒரே விலை. உள்நாட்டுத் தடத்தில் நெரிசல் வந்தால் அண்டை நாட்டுக்கான ஏற்றுமதியைக் குறைத்தார்கள். டென்மார்க்கிலிருந்து முறையீடு எழுந்தது, நியாயமான முறையீடுதான். ஐரோப்பிய ஆணையம் தலையிட்டபின், 2011 நவம்பரில் லூலியோ, சுன்ஸ்வால், ஸ்டாக்ஹோம், மால்மோ என நான்கு விலை வட்டாரங்கள் பிறந்தன. நெரிசல் இருக்கும் இடத்தை விலையே காட்டத் தொடங்கியது. தெற்கே மால்மோ வட்டாரத்தார் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள்.